எலுமிச்சம்பழம் நசுங்கும் முன்

நீங்கள் ஆறு பேர் நம் கார்க்கடையின் டெலிவரிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அந்த அறையில் நாற்காலி நான்குதான். ஐந்தாவது வேண்டும் என்று ஓய்வு பெறும் நாள்வரை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆகவே என் முதல் அறிவுரை, காலையில் சீக்கிரம் வாருங்கள்.

பழைய ஆள் என்பதால் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். டயரில் காற்று எவ்வளவு, எந்த விளக்கு எரிய வேண்டும், எந்த எண்ணை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதெல்லாம் இப்போது உங்கள் கைபேசியிலேயே வந்துவிடுகிறது. அதை நான் வேறு சொல்லி உங்கள் உயிரை வாங்கப் போவதில்லை. கைபேசியில் வராத ஒன்று உண்டு. நம் ஊர்க்காரர்கள் புதுக் காரைச் சரிபார்ப்பதே இல்லை.

தென்காசிச் சந்தையில் இவர்கள் வெண்டைக்காய் வாங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றாக நுனியை ஒடிப்பார்கள். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டுவார்கள். பத்து முருங்கைக்காயை வளைத்துப் பார்த்து இரண்டை வாங்குவார்கள். காருக்கு விலை பேசும்போதும் அப்படித்தான். விற்பனைப் பையனை அழவைத்து, தரைவிரிப்பு இலவசமா, வாசனைப் புட்டி உண்டா, குடை தருவீர்களா என்று உரிப்பார்கள். ஆனால் கார் எடுக்கும் நாளில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பூக்காரர் வந்துவிட்டாரா என்று பார்ப்பார்கள், போட்டோவில் தலை கலைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். காரைப் பார்க்க மாட்டார்கள்.

நல்ல காரியம் நடக்கும்போது வாயில் குறை வரக்கூடாது என்பதுதான் காரணம். மாலை போட்ட காரைக் காட்டி ஒரு குழந்தை, "இங்கன கீறியிருக்கு" என்று சொன்னால் குழந்தையின் தலையில் குட்டு விழும். கீறிய கடைப்பையனுக்கு ஸ்வீட் பாக்கெட் கிடைக்கும்.

அப்புறம் அந்த எலுமிச்சம்பழம். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு. அவை நசுங்கிய சத்தம் கேட்டுவிட்டால் கார் அவர்களுடையது. அதன் பிறகு குறை சொல்வது, தாலி கட்டி முடித்த பிறகு மாப்பிள்ளை தலையில் விக் இருக்கிறதே என்று சொல்வதைப் போல. சட்டம் வேறு மாதிரி இருக்கலாம். சட்டப் புத்தகத்தோடு யாரும் கார் எடுக்க வருவதில்லை.

கடை நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பானெட்டில் ஒட்டும் சிவப்பு ரிப்பன் பூ நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்தால் அதைத் தூக்கிப் பார்ப்பேன். சந்தனப் பொட்டு கதவில் இருந்தால் துடைத்துப் பார்ப்பேன். சாமி சிலைக்கே அத்தனை இடத்தில் பொட்டு வைப்பதில்லை. காருக்கு வைத்தால் அது பக்தியாக இருக்க முடியாது.

இனி இசக்கிமுத்து கதைக்கு வருகிறேன்.

இசக்கிமுத்து குத்துக்கல்வலசைக்காரர். பட்டாளத்திலிருந்து வந்தவர். இடது காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பின்னால் இரண்டு துணைச் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டரில்தான் போவார், வருவார். கிளட்ச் மிதி இல்லாமல் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மட்டும் உள்ள ஆட்டோமேட்டிக் கார் ஒன்றுக்கு எங்களிடம் முன்பதிவு செய்திருந்தார். இலஞ்சி வரை ஓட்டிப் பார்த்து, லைசென்ஸையும் அதற்கேற்றபடி மாற்றி வாங்கி, வெள்ளை நிறம் என்று முடிவு செய்து, அது வரும்வரை காத்திருந்தார். காத்திருந்த நாட்களில் கடைப்பக்கம் வந்தால் என்னிடம் ஒரே கேள்விதான்.

"அண்ணாச்சி, ரெண்டே மிதிதான?"

"ரெண்டே மிதிதான். ஓட்டிப் பாத்தியள்லா?"

"பாத்தேன். இருந்தாலும் ஒங்க வாயால கேட்டா ஒரு நிம்மதி."

இந்த நிம்மதிக்குக் காரணம் அவருடைய மச்சான். மனைவி முப்பிடாதியின் அண்ணன். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இன்னும் ஏட்டையாதான். இசக்கிமுத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், எந்தக் கலியாணம் என்றாலும், ஏட்டையாவுக்குப் போன் போட வேண்டும். ஏட்டையா தன் காரோடு வருவார். வராமல் இருந்ததில்லை, அதுதான் கொடுமை. வழி முழுக்க பெட்ரோல் விலை, தன் முதுகுவலி, தான் விட்டுவிட்டு வந்த வேலைகள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் நோயாளிக்குத் தானாகக் குணமாகி, திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றிவிடுமாம். இசக்கிமுத்து சொன்னதுதான்.

டெலிவரி நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பழம் நசுங்க வேண்டும். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. வெளியே சாரல். சாலை முழுக்க அருவிக்குப் போகும் வெளியூர் வேன்கள்.

காரைச் சரிபார்க்க வேண்டியவன் நான். ஆனால் அது நேராகக் கிடங்கிலிருந்து வந்து, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் டெலிவரி மேடையில் ஏறி, பட்டுத்துணி போர்த்திக்கொண்டு கலியாணப் பெண் மாதிரி நின்றது.

"தொறக்காதீங்க, போர்த்தியாச்சு" என்றார் மேலாளர்.

"நான் இன்னும் பாக்கலயே."

"கிடங்குல பாத்தாச்சு."

இந்த "பாத்தாச்சு" என்ற சொல் உங்கள் காதில் விழும்போதெல்லாம், யார் பார்த்தது என்று கேளுங்கள். பெயர் வராது.

மேலாளர் பூக்காரரோடு பேசப் போன சமயம் நான் துணியின் ஓரத்தைத் தூக்கி ஓட்டுநர் கதவைத் திறந்தேன். எனக்கு எதையும் எண்ணும் வியாதி உண்டு. படியேறினால் படியை எண்ணுவேன், பந்தியில் உட்கார்ந்தால் அப்பளத்தை எண்ணுவேன். கீழே மிதிகளை எண்ணினேன். மூன்று.

வயதான கண் என்று மறுபடியும் எண்ணினேன். மூன்றேதான்.

மேலாளரைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. இசக்கிமுத்துவுக்கு வந்த ஆட்டோமேட்டிக்கை, அவசரப்படுத்திய ஒரு பெரிய இடத்துக்கு முந்தைய நாளே கொடுத்துவிட்டார்கள். அடுத்தது வர நாளாகும். மாதக் கடைசி, கணக்கில் ஒரு டெலிவரி குறையும். அதே நிறம், அதே மாடல், கியர் வண்டி கையில் இருந்தது.

"பூஜை முடிஞ்சிரட்டும் அண்ணாச்சி. பழம் நசுங்கிட்டா திருப்பிக் குடுக்க மனசு வராது. அந்த ஏட்டையாதானே எப்பவும் ஓட்டுறார்? அப்புறமா நான் பேசிக்கிறேன். நீங்க வாயைத் திறந்து நல்ல நேரத்துல எதுவும் சொல்லிராதீங்க."

தப்பாகச் சொல்லக்கூடாது, அவர் நம் ஊரை நன்றாகப் படித்தவர். அவர் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

அதற்குள் குடும்பம் வந்துவிட்டது. முப்பிடாதி பட்டுச்சேலையில். ஏட்டையா வெள்ளை வேட்டி சட்டையில், பந்தோபஸ்துக்கு வந்தவர் போல. இசக்கிமுத்து ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, நனைந்த தலையைத் துவட்டாமலே என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டே மிதி. எனக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறியது என்று அளந்து பார்க்க அங்கே கருவி இல்லை.

துணியை விலக்கினார்கள். வண்ணக் காகிதம் வெடித்தது. மாலை விழுந்தது. பழம் வைத்தார்கள். ஏட்டையா நேராக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மூத்தவர் ஓட்டித்தான் பழம் நசுக்க வேண்டும், அவர்தான் பண்பொழி மலைக்கோயில் வரை ஓட்டிப் போவார் என்று அவரே முடிவு செய்திருந்தார். இசக்கிமுத்து கையில் தேங்காயோடு காருக்கு வெளியே நின்றார்.

ஏட்டையா கிளட்சை மிதித்தார், கியரை ஆட்டிப் பார்த்தார், திருப்தியாகத் தலையை ஆட்டினார். முப்பது வருடமாக இடது காலுக்கு ஒரு மிதி இருந்து பழகிய மனிதர். அது அங்கே இருக்கக்கூடாது என்று அந்தக் காலுக்கு எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? "நிறுத்துங்க, இது வேற வண்டி" என்று கத்துவேன் என்கிறீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். நினைத்து, என்ன நடக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மேலாளர், "வயசானவர், குழம்பிட்டார்" என்பார். ஏட்டையா, "நல்ல நேரத்துல என்ன பேச்சு பேசுதீரு" என்று என் மேல் பாய்வார். முப்பிடாதிக்கு முகம் செத்துவிடும். இசக்கிமுத்து மரியாதைக்காரர்; ஊர் முன்னால் சச்சரவு வேண்டாம் என்று, "பரவாயில்ல அண்ணாச்சி" என்று விழுங்கிவிடுவார். வாழ்நாள் முழுக்க விழுங்குவார். என் வாயிலிருந்து வந்தால் அது குறை. அவருடைய காலே கண்டுபிடித்தால் அது உண்மை. ஆகவே அவரை அந்த இருக்கையில் உட்காரவைக்க வேண்டும், பழம் நசுங்குவதற்கு முன்னால்.

முதலில் நேரம் வேண்டும். குனிந்து, சிதறிய வண்ணக் காகிதத்தைப் பொறுக்குவது போல, பின்சக்கரத்து எலுமிச்சம்பழத்தை எடுத்து பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஒரு பழம் கொறையுதே" என்றேன்.

நான் எண்ணிச் சொன்னால் கடையில் யாரும் மறுக்க மாட்டார்கள். மேலாளரே ஒருவரைப் பெட்டிக்கடைக்கு ஓடவிட்டார். ஏட்டையா கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னவே இது, ஒரு பழம்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாம காரு விக்கிய?"

"அதுக்குள்ள போட்டோவ எடுத்துருவோம் ஏட்டையா."

எங்கள் கடையில் போட்டோவுக்காகவே ஓர் அட்டைச் சாவி உண்டு. ஆள் உயரத்தில் பாதி. அதைவிடக் கோமாளித்தனமான பொருளை நான் கண்டதில்லை. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு பயன் வந்தது.

"கம்பெனி விதி. ஓனர் சீட்டுல உக்காரணும். இந்தச் சாவி உள்ள கொள்ளாது. வெளிய நின்னு ஒரு கம்பீரமான ஆளு பிடிச்சாத்தான் எடுப்பா இருக்கும்."

அப்படி ஒரு விதி கிடையாது. ஏட்டையா இருக்கையைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். வாழ்நாளில் எந்த இருக்கையையும் யாருக்கும் விட்டுக்கொடுத்திராதவர்.

"போட்டோல நான் முன்னால தெரிவேனா?"

"நீங்க மட்டுந்தான் தெரிவிய."

இறங்கினார்.

இசக்கிமுத்து தேங்காயை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏறினார். முதலில் வலது கால். பிறகு இடது காலைக் கையால் பிடித்து உள்ளே எடுத்து வைத்தார். செயற்கைப் பாதம் எதன்மேலோ முட்டி நின்றது. குனிந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி, உள்ளங்கையால் அந்த மிதியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அது உள்ளே போய் வெளியே வந்தது.

"அண்ணாச்சி, மூணு இருக்கு."

முப்பிடாதி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மூணு?"

"மிதி."

"காருன்னா மூணுதாம்ல இருக்கும்" என்றார் ஏட்டையா, சாவியைத் தூக்கிப் பிடித்தபடி. பிறகுதான் அவருக்கே உறைத்தது. சாவி கொஞ்சம் இறங்கியது.

மேலாளர் ஓடிவந்தார். "சார், சின்னக் குழப்பம். பூஜை முடிச்சிட்டு எடுத்துட்டுப் போங்க, பிறகு மாத்திக்கலாம் சார். எல்லாரும் இப்ப கியர் வண்டியைத்தான் விரும்பிக் கேக்குறாங்க."

"எல்லாரும் கேப்பாவ" என்றாள் முப்பிடாதி. "எங்க வீட்டு மனுசரு எந்தக் கால வச்சு மிதிப்பாவன்னு நீங்க சொல்லுங்க."

மேலாளர் ஏட்டையாவைப் பார்த்தார். இவர் நம்பியிருந்த ஆள் அவர்தான். வீண்போகவில்லை.

"மாப்ள, சொன்னாக் கேளு. மாலை போட்ட வண்டிய விட்டுட்டு வெறுங்கையோட எறங்கக்கூடாது. பத்தரை ஆவப் போவுது. நான் எதுக்கு இருக்கேன்? எங்க போவணும்னாலும் ஒரு போன் போடு. நான் வந்து ஓட்டுதேன்."

அன்பாகத்தான் சொன்னார். சத்தியமாக அன்பாகத்தான் சொன்னார்.

இசக்கிமுத்து ஸ்டியரிங் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே சாரலைப் பார்த்தபடி இருந்தார். விழுங்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"மச்சான்" என்றார். "ஒங்களுக்குப் போன் போடக்கூடாதுன்னுதான் வண்டியே வாங்குதேன்."

கடையில் அப்போது பக்திப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்திவிட்டார்கள்.

இசக்கிமுத்து இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து இறங்கினார். ஏட்டையா அட்டைச் சாவியை என்ன செய்வது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க எனக்குமே பாவமாக இருந்தது. முப்பிடாதி ஒரு நொடி அண்ணனைப் பார்த்தாள், ஒரு நொடி புருசனைப் பார்த்தாள். பிறகு நேராகப் போய்க் காரிலிருந்து மாலையை உருவினாள். மாலை போட்ட காரிலிருந்து மாலையைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"சாமியக் கும்புட்டுக் கட்டுன மாலை. எதுக்குப் போட்டா என்ன" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய் ஸ்கூட்டருக்குப் போட்டாள். "இத்தன வருசமா நம்மளச் சொமந்தது இதுதான. அந்தப் பழத்த எடுங்க."

மூன்று பழத்தை எடுத்து ஸ்கூட்டருக்கு வைத்தார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒரு துணைச் சக்கரத்துக்கு ஒன்று. இன்னொரு துணைச் சக்கரம் காலியாக இருந்தது. பெட்டிக்கடைக்குப் போனவர் இன்னும் வரவில்லை. எண்ணிக்கை குறைவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பையில் கையைவிட்டு நாலாவது பழத்தை எடுத்து வைத்தேன்.

ஏட்டையா என்னை ஒரு பார்வை பார்த்தார். எத்தனை திருடனைப் பார்த்த பார்வை! இசக்கிமுத்துவும் பார்த்தார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேங்காயை உடைத்தார். புருசனும் மனைவியும் ஸ்கூட்டரிலேயே சாரலில் பண்பொழிக்குப் போனார்கள். பின்னாலேயே ஏட்டையா தன் காரில் மெதுவாகப் போனார், ஒருவேளை ஸ்கூட்டர் வழியில் நின்றுவிட்டால் என்று.

மேலாளர் அன்று என்னிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. எங்கள் வேலையில் அது ஒரு விடுமுறை மாதிரி.

கொஞ்ச நாளில் ஆட்டோமேட்டிக் வந்தது. இசக்கிமுத்துவிடம் என்றைக்கு எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "வெள்ளிக்கிழமை, பதினோரு மணி" என்றார். சரியான ராகுகாலம். அந்த நேரத்தில் நம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். பூக்காரர் இல்லை, போட்டோ இல்லை, துணி இல்லை. அவரும் மனைவியும் மட்டும் வந்தார்கள். அவர் உட்கார்ந்து பார்த்தார். காலைத் தாராளமாக நீட்டிப் பார்த்தார். காரில் பொறித்த எண்ணை அவர் படிக்க, காகிதத்தில் உள்ளதை முப்பிடாதி படித்தாள். சாவி இரண்டு. தரைவிரிப்பைத் தூக்கி எண்ணினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கொறையுது!" என்று கடை அதிரச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நல்ல நேரத்தில் அதை முணுமுணுக்கக்கூட முடியாது. என் வேலைக்காலத்தில் குறையில்லாமல் போன டெலிவரிகளில் அது ஒன்று. ஏனென்றால் குறையைச் சத்தமாகச் சொல்லி எடுத்தார்கள். தரைவிரிப்பைக் கொண்டுவந்து போட்டோம்.

"ஏறுங்க, மலைக்குப் போயிட்டு வருவோம்" என்றார். "பையில பழம் கிழம் இல்லல்லா?"

முப்பிடாதி பின்னால் ஏறி என்னை முன்னால் உட்காரச் சொன்னாள். எனக்கு மலைப்பாதை என்றாலே பயம். ஏறும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன், பாதியில் கண்ணை மூடியதால் கணக்கு விட்டுப்போனது. சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போது போன் அடித்தது. ஏட்டையா. முப்பிடாதி எடுத்தாள்.

"அவுக வண்டி ஓட்டிக்கிட்டு இருக்காவண்ணே. நாங்களே வீட்டுக்கு வாரோம். சாயங்காலம் ரெடியா இருங்க, ஒங்களக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்."

அந்தப் பக்கம் ஏட்டையா, பெட்ரோல் போட்டாச்சா என்று கேட்டாராம்.

அடுத்த வளைவு செங்குத்தாக இறங்கியது. நானே ஓட்டுவது போல இரண்டு பாதத்தையும் தரையில் புதைய அழுத்திக்கொண்டிருந்ததை இசக்கிமுத்து ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார்.

"அந்த எடது கால எடுங்க அண்ணாச்சி" என்றார். "அங்கன ஒண்ணும் கெடையாது. நீங்கதான எண்ணுனிய?"